ஓலைச்சுவடி முதல் இணையம் வரை



இதைப் படிக்காதே, அதைப் பார்க்காதே என்று மூத்தோர் இளையோரைத் தடுப்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. அது ஏட்டைப் போலவே பழமையானது. அந்தத் தடைக்கு இன்று இலக்காகி நிற்பது இணையம். இணையத்தின் பக்கம் சென்றால் நெறி தவறிவிடுவீர்கள் என்று தம் இளைஞர்களை எச்சரிக்கும் சமயக் குழுக்கள் உலகின் பல பகுதிகளிலும் உள்ளன. நம் தமிழ்நாட்டிலும் உள்ளன. அவ்வெச்சரிக்கையை முற்றும் ஏற்பதா, முற்றும் தள்ளுவதா என்று என்னிடம் கேட்ட மாணவர் பலர். பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய வினாவை முதலில் வரலாற்றிடம் கேட்பதே முறை என்று கருதுகிறேன். வரலாறு யாருக்கும் அஞ்சி விடை சொல்வதில்லை.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழநாட்டை ஆண்டவன் இரண்டாம் குலோத்துங்கன். அநபாயன் என்பது அவனது சிறப்புப் பெயர். அவனுக்கு அமைச்சராக விளங்கியவர் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். சமண முனிவராகிய திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் மன்னன் மனத்தைப் பறிகொடுத்திருந்தான். சிவநெறிச் செல்வராகிய சேக்கிழார் அதனைக் கண்டு வருந்தி, அந்நூல் மறுமைக்குத் துணையாகாது என்று அரசனுக்கு எடுத்துரைத்தார். சேக்கிழார் புராணம் தரும் செய்தி இது.

அடுத்து நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. அவ்வாறாயின் நான் எதனைக் கேட்பது என்று மன்னன் வினவினான். சேக்கிழார் வாய் மூடி நிற்கவில்லை. தொண்டர்களின் வரலாற்றைச் சொன்னார். மன்னன் வேண்டத் தில்லைக்குச் சென்று அதனைப் பெருங்காப்பியமாகப் பாடினார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெரியபுராணம் இவ்வாறு பிறந்தது. ஒரு நூலை விலக்கச் சொன்னவர், அதன் இடத்தில் வைப்பதற்கு மற்றொரு நூலைத் தம் கையாலேயே ஆக்கித் தந்தார். எச்சரிக்கை செய்பவருக்கு ஒரு கடன் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. சேக்கிழார் விலக்கிய அதே சிந்தாமணிக்குப் பின்னாளில் உரை வகுத்தவர் யார்? மதுரையைச் சேர்ந்த நச்சினார்க்கினியர். அவர் சமணர் அல்லர், சிவனை வழிபட்டவர். முதலில் அவர் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், பிறகு அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் வழிவழியாகக் கூறுவர். மாற்றார் நூலைக் கற்றதனால் அவர் தம் சமயத்தை இழந்துவிடவில்லை. தமிழ்தான் ஓர் அரிய உரையைப் பெற்றது.

ஆயினும் எல்லாரும் இவ்விருவரைப் போல் நடக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்து விளங்கியவர் சாமிநாத தேசிகர். இலக்கணக்கொத்து என்னும் சிறந்த இலக்கண நூலை இயற்றிய பெரும்புலவர் அவர். அந்நூலிலேயே அவர், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஆகியவற்றைப் படிப்பவர் வாழ்நாளை வீணாக்குவதாகக் கடிந்து பேசுகிறார். சிவநூல்கள் இருக்க இவை எதற்கு என்பது அவர் கருத்து. அவர் எந்த ஏட்டையும் தீயிலிடவில்லை, எவரையும் தண்டிக்கவில்லை. படிப்பதற்கு உரியதன்று என்று மாணவர்க்குச் சொன்னார், அவ்வளவே. ஆனால், ஆசிரியர் ஒருவர் படிக்காதே என்று சொன்னால் மாணவர் படிக்க மாட்டார். படிப்பார் இல்லாத ஓலையை எவரும் மீண்டும் படியெடுக்க மாட்டார். படியெடுக்காத ஓலையைச் செல்லரிக்கும். பழைய நூல்கள் மறைந்ததற்கு வெள்ளம், தீ, கறையான், வறுமை எனக் காரணங்கள் பல உண்டு. சமய வேறுபாட்டால் நேர்ந்த புறக்கணிப்பும் அவற்றுள் ஒன்று என்பதை மறைத்தல் ஆகாது.

அதன் விளைவை 1880ஆம் ஆண்டில் காண்கிறோம். அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற அவருக்கு அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் தலபுராணங்களும் மனப்பாடம். சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பு அவரைச் சந்தித்தார். சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. அக்காலத்தில் தமிழ் கற்றோருள் முதல் வரிசையில் நின்றவருக்கே அந்நூல்கள் அறிமுகமாகவில்லை என்றால், அந்தப் புறக்கணிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதன்பின் ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அவர்களிடம் சமணக் கொள்கைகளைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வெளிவந்தன. இந்த உழைப்புக்குத் திருவாவடுதுறை மடத்தின் சுவடிகளும் துணை நின்றன என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. எந்த ஆதீனத்தின் புலவர் அந்நூல்களை விலக்கினாரோ, அதே ஆதீனம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அவற்றின் மீட்சிக்குக் கை கொடுத்தது. இன்று சிலம்பையும் புறநானூற்றையும் நீக்கிவிட்டுத் தமிழின் பெருமையைப் பேச எவரால் இயலும்?

இனி, மேலை நாட்டைப் பார்ப்போம். ஐரோப்பாவில் அச்சுப்பொறி பரவியபோது கத்தோலிக்கத் திருச்சபை அதனை ஒரு கையால் வரவேற்றது. மறு கையால் தடுத்தது. 1559இல் போப் நான்காம் பவுல், விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டு நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. பூமியே கதிரவனைச் சுற்றுகிறது என்று கூறிய கோப்பர்நிக்கசின் நூல் 1616இல் தடைக்கு உள்ளாயிற்று. 1835இல்தான் அது பட்டியலிலிருந்து நீங்கியது. அந்த இரு நூற்றாண்டுகளில் பூமி தன் சுற்றை நிறுத்திக்கொள்ளவில்லை.

அந்தப் பட்டியல் வெளிவந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அதே திருச்சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் தமிழ்நாட்டு முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அச்சுக்கு அஞ்சிப் பட்டியல் போட்டதும் அச்சைக் கொண்டு தமிழுக்குத் தொண்டு புரிந்ததும் ஒரே சமயம்.

ஆனால், 1599ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கேரளத்து உதயம்பேரூரில் வேறொன்று நிகழ்ந்தது. கோவாப் பேராயர் மெனேசிசு கூட்டிய மாமன்றம், தோமையார் வழிவந்த கிறித்தவர்களின் சிரியாக்கு மொழிச் சுவடிகளைத் திருத்துவதற்காகவோ எரிப்பதற்காகவோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அவ்வாறு அழிந்த சுவடிகளுக்காக இன்று வரலாற்று ஆசிரியர்கள் வருந்துகின்றனர். ஒரு சமூகத்தின் பழங்கால நினைவு சாம்பலாகிவிட்டது. சாம்பலைப் பதிப்பிக்க ஒரு சாமிநாதையர் வர முடியாதன்றோ?

அடுத்து, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை நினைப்போம். பாதிரிமார் பள்ளிகளும் அச்சகங்களும் பெருகிய காலம் அது. சைவச் சிறுவர் தம் சமயத்தை விட்டு விலகுவரோ என்ற கவலை நாவலருக்கு மிகுதி. பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை புரிந்தவர் அவர். ஆதலின் எதிர்த் தரப்பை நன்கு அறிந்திருந்தார். அவர் செய்தது யாது? 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அச்சுக்கூடம் நிறுவினார். சிறுவர்க்குப் பாலபாடம் எழுதினார். பெரியபுராணத்தை எளிய உரைநடையில் எழுதி வெளியிட்டார். அச்சு தீது என்று அவர் சொல்லவில்லை. அச்சைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். சேக்கிழார் காட்டிய வழி இதுவே.

திரைப்படத்துக்கும் வானொலிக்கும் இதே கதைதான். 1931ஆம் ஆண்டு பிப்ரவரியில் போப் பதினோராம் பயசு, வானொலியைக் கண்ட மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதே போப் 1936இல் திரைப்படத்தின் தீமைகளைக் குறித்து ஒரு சுற்றுமடல் விடுத்தார். புதிய கருவி எது வந்தாலும் அதில் ஆபத்தும் உண்டு, வாய்ப்பும் உண்டு என்பதைச் சமயத் தலைவர்கள் உணர்ந்தே இருந்தனர். விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலோ 1966இல் சட்ட வலிமை இழந்தது. பட்டியலைக் காட்டிலும் படிப்பவனின் மனச்சான்றே காவல் என்று திருச்சபை முடிவு செய்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள். அதன்பின் வந்த எச்சரிக்கைகளுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, யூதர்களுடையது. 2012ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், நியூயார்க்கு நகரத்துச் சிட்டி ஃபீல்டு விளையாட்டரங்கில், பழமையில் ஊன்றிய யூத ஆடவர் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். பந்தாட்டம் காண அவர்கள் வரவில்லை. இணையத்தால் தம் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைப் பற்றிச் சமய குருமார் பேசுவதைக் கேட்கவே வந்தனர். வீட்டில் இணையம் வேண்டா. தொழிலுக்கு இன்றியமையாததாயின் வடிகட்டி பொருத்திய இணையமே வேண்டும் என்பது அங்கு விடுக்கப்பட்ட செய்தி. முற்றும் விலக்க வேண்டும் என்று எழுந்த கூட்டமும் தொழிலுக்கு ஒரு வாயிலைத் திறந்துவைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, இசுலாமியருடையது. உத்தரப் பிரதேசத்துத் தியோபந்து நகரில் 1866இல் நிறுவப்பட்ட தாருல் உலூம் என்னும் கல்வி நிலையம் 2017ஆம் ஆண்டு அக்டோபரில், தம் படங்களையும் குடும்பத்தார் படங்களையும் சமூக ஊடகங்களில் வெளியிடுவது நெறியன்று எனத் தீர்ப்புரை வழங்கியது. அதே நிலையம் உலகெங்குமிருந்து வரும் சமய வினாக்களுக்கு இணையத்தின் வழியாகவே விடை அளித்தும் வருகிறது.

மூன்றாவது, கத்தோலிக்கருடையது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் வத்திக்கான், திருச்சபையும் இணையமும் என்ற பொருளில் ஓர் ஆவணம் வெளியிட்டது. தீயவற்றை அது மறைக்கவில்லை. பிள்ளைகள் பயன்படுத்தும் கணிப்பொறியில் வடிகட்டி வேண்டும் என்றது. பெற்றோரும் இணையத்தைக் கற்றறிந்து பிள்ளைகளுக்கு வழிகாட்ட வேண்டும் என்றது. அச்சத்தால் ஒதுங்கி நிற்றல் தகாது என்றும் கூறியது. இலண்டனில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்த கார்லோ அக்குத்திசு என்னும் சிறுவன் தன் சமயச் செய்திகளைத் தொகுத்து இணையத்தளம் ஒன்றை அமைத்தான். 2006இல் பதினைந்தாம் அகவையில் மறைந்தான். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருச்சபை அவனைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. நூல்களுக்குத் தடைப்பட்டியல் வைத்திருந்த அதே திருச்சபை, இணையத்தளம் அமைத்த ஓர் இளைஞனை மற்ற இளைஞர்க்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது.

நண்பர்களே! இவற்றைக் கேட்டு, எச்சரிப்பவரெல்லாம் அறியாமையில் உழல்பவர் என்று நகைத்துவிடாதீர்கள். ஆபத்து மெய்யானது. 2018ஆம் ஆண்டு மே மாதம், குலதெய்வ வழிபாட்டுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தினரைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரார் தாக்கினர். அறுபத்தைந்து அகவை மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். கைப்பேசிகளில் பரவிய பொய்ச்செய்தியே அந்த வெறிக்கு வித்து. இணையவழிச் சூதாட்டத்தில் பொருளையும் உயிரையும் இழந்தோர் காரணமாக நம் மாநிலம் 2022இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆதலின், ஊரில் எவரோ ஒரு பெரியவர் அஞ்சுகிறார் என்றால் அவர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கேள்வி வேறு: அச்சம் கொண்ட பின் செய்ய வேண்டியது என்ன?

இதற்கு நான் கண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. எங்கள் ஆலங்குளத்துப் பகுதியில் என் மாணவி ஒருத்தியின் குடும்பம் கட்டுப்பாடு மிக்க ஒரு வழிபாட்டுக் குழுவைச் சார்ந்தது. அவர்கள் வீட்டில் தொலைக்காட்சியும் இல்லை. இணையம் உள்ள கைப்பேசியும் இல்லை. அவள் தந்தை சிவகாசி அச்சகம் ஒன்றில் வேலை பார்ப்பவர். ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "ஐயா, பிள்ளையின் படிப்பையும் விட முடியவில்லை; பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் மீற முடியவில்லை. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார். அவர் கண்ணில் நான் கண்டது பிடிவாதம் அன்று, கலக்கம். அவர் குழுவின் பெரியவரிடமே சென்று மனம்விட்டுக் கேட்கும்படியும், இசைவு கிடைத்தால் கைப்பேசியைக் கூடத்தில் அனைவரும் காண வைத்து, பாட வேளையில் மட்டும் பயன்படுத்தும்படியும் கூறினேன். பெரியவர் இசைந்தார். சில வாரங்களில் அக்குழுவின் வழிபாடே கைப்பேசி வழியாக நடைபெறலாயிற்று. அவ்வாண்டு மே 4ஆம் நாள் மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தையும் மக்கள் இணையத்தின் வழியாகத்தானே கண்டு வணங்கினர்!

சில மாதங்கள் சென்றன. பரிசு விழுந்திருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணைத் தருக என்று அந்தக் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண் அதனைத் தந்தையிடம் காட்டினாள். தந்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஏமாற்று என்று அறிந்து அழித்துவிட்டோம். அவள் தடையை மீறி மறைவாகப் பார்த்திருந்தால் யாரிடம் காட்டியிருப்பாள்? காட்டினால் தன் குற்றமே முதலில் வெளிப்படும் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டிருப்பாள். வஞ்சகருக்கு வேண்டியது அந்த மௌனமே. முழுத்தடையின் பெருங்குறை இதுதான். அது தீமையைத் தடுக்கும் முன், பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே உள்ள பேச்சைத் தடுத்துவிடுகிறது.

எங்கள் வட்டாரத்தில் இதனை எவரும் எளிதில் உணர்வர். நாங்கள் வெடிமருந்தோடு வாழ்பவர்கள். மருந்து கலக்கும் அறை தனித்திருக்க வேண்டும். அதில் மிகச் சிலரே இருத்தல் வேண்டும். பொறி எழுப்பும் இரும்புக் கருவி கூடாது. கலந்த மருந்தை அளவுக்கு மேல் குவித்து வைத்தல் கூடாது. இவை விதிகள். இவ்விதிகள் நெகிழ்ந்த இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த வெடிவிபத்தே சான்று. மருந்து என்ற சொல்லையே வீட்டில் பேசாதே என்று ஒரு தந்தை கட்டளையிட்டால், அவர் மகன் வெடிக்காத வாணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் நாளில் அவனுக்கு ஒன்றும் தெரிந்திராது. விதியைச் சொல்லிக் கொடுத்த தந்தையின் மகன் எட்டி நிற்பான்.

ஆதலின், இளைஞர்களே, உங்களுக்கு இரண்டு சொல் கூறுவேன். உங்கள் சமயப் பெரியவர் இணையத்தைப் பற்றி எச்சரித்தால் அதனை இகழாதீர்கள். ஏன் என்று பணிவோடு கேளுங்கள். காரணம் சொல்லக் கூடியவர் உங்களுக்கு நல்லாசிரியர். கைப்பேசியில் வருவதை எல்லாம் நம்பாதீர்கள். ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதீர்கள். அச்சமூட்டும் செய்தியோ ஆசையூட்டும் செய்தியோ வந்தால் அன்றே வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். சிறுவர்க்குத் துன்பம் நேரின் 1098 என்ற எண்ணிலும், இணைய மோசடி நேரின் 1930 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சேக்கிழார் அரசனை எச்சரித்துவிட்டு அகன்று போகவில்லை. உடன் நின்று பெரியபுராணம் தந்தார். நாவலர் உடன் நின்று பள்ளிக்கூடம் தந்தார். பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் எச்சரிக்கையே பயன் தரும். கதவைச் சாத்திவிட்டு விலகிப் போகும் எச்சரிக்கையால் பிள்ளை தனியனாவான். தனித்த பிள்ளையைத்தான் தீமை முதலில் தேடும்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சியால், உலகெங்கும் உள்ள தமிழர் கூடிப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றனர். அங்கே சீவக சிந்தாமணியும் உண்டு, பெரியபுராணமும் உண்டு. ஒன்றை விலக்குவதற்காக மற்றொன்று பிறந்தது என்பர். இன்று எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் காசு கொடுக்காமல் இரண்டையும் எடுத்துப் படிக்கலாம். அவனுக்கு வேண்டியது படிக்கும் ஆசையும் பகுத்தறியும் அறிவும். ஐயம் நேர்ந்தால் கேட்பதற்கு அருகில் ஒரு பெரியவரும்.